ஆக்சிஜன் சென்சார் எரர் கோடு: காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்து, அழிப்பது வரை

செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் ஆக்சிஜன் சென்சார் பெயரில் ஒரு குறியீடு வருகிறது. பலர் அடுத்து செய்வது, சென்சாரைக் கழற்றிப் புதிது போட்டு, குறியீட்டை அழித்துவிடுவது. விளக்கும் அணைந்துவிடும். சில நாள் ஓடியதும் அதே விளக்கு, அதே குறியீடு.

குறியீடு எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. எந்தச் சென்சாரின் சுற்றில் எதிர்பாராத அளவு வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஹீட்டர் (சென்சாருக்குள் இருந்து அதைச் சூடேற்றுவது) குறியீடு என்றால் பெரும்பாலும் சென்சாரேதான் பழுது. லீன் (கலவையில் பெட்ரோல் குறைவு), ரிச் (பெட்ரோல் கூடுதல்) குறியீடு என்றால் பெரும்பாலும் சென்சார் உள்ளதைத்தான் சொல்கிறது, கோளாறு என்ஜினில் வேறெங்கோ இருக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்களே, அது இந்த இரண்டாவது வகைக்கு அப்படியே பொருந்தும். எந்த வகை என்று முதலில் பிரித்துவிட்டால், தேவையில்லாத செலவில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் பல்பு. குறியீட்டை மட்டும் காட்டி அழிக்கும் கருவியால் பயனில்லை, ஓடும்போது சென்சார் என்ன சொல்கிறது என்று பார்க்க முடிய வேண்டும். என்ஜினை ஓடவிட்டுச் சோதிப்பதெல்லாம் திறந்த வெளியில்தான். மூடிய ஷெட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

சென்சார் சொல்லும் அளவு

பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இருப்பது சிர்கோனியா சென்சார். புகையிலுள்ள ஆக்சிஜனையும் வெளிக்காற்றிலுள்ள ஆக்சிஜனையும் ஒப்பிட்டு, அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப சிறிய மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால், அதாவது கலவை லீனாக இருந்தால், 0.1 வோல்ட் பக்கம் காட்டும். பெட்ரோல் கூடி ரிச்சானால் 0.9 வோல்ட் பக்கம் போகும். நடுக்கோடு 0.45 வோல்ட். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற சரியான கலவை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

என்ஜின் சூடான பிறகு முன் சென்சாரின் அளவு இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஈசியூ, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதுதான் அந்த ஆட்டம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் இப்படி ஆடக் கூடாது, 0.6 அல்லது 0.7 வோல்ட் பக்கம் அமைதியாக இருக்க வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்கள் முன் சென்சார் ஆடுவதைப் பார்த்துப் பயப்படுவார்கள், பின் சென்சார் அசையாததைப் பார்த்து அது செத்துவிட்டது என்பார்கள். இரண்டுமே நல்ல அறிகுறிகள்.

இந்த வகைச் சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். புகையின் சூட்டுக்காகக் காத்திராமல் சீக்கிரம் சூடேற்றத்தான் உள்ளே ஒரு ஹீட்டர். போஷ் நிறுவனம் 1976-இல் கொண்டுவந்த முதல் தலைமுறையில் இந்த ஹீட்டர் கிடையாது, புகைதான் சூடேற்றியது.

இன்னொரு வகை வைட்பேண்ட். இப்போது பல கார்களில் முன் சென்சார் இதுதான். பெரும்பாலும் ஐந்து வயர், சிலவற்றில் நான்கு. இது மேலும் கீழும் தாவாது, ஸ்கேனரில் லேம்டா என்று 1-ஐ ஒட்டி ஓர் எண் வரும் (1 என்றால் சரியான கலவை). கீழே வரும் வோல்ட் கணக்குகள் இதற்குப் பொருந்தாது. சோதனையைத் தொடங்கும் முன் உங்கள் காரில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நல்ல சென்சாரைக் கெட்டது என்று முடிவு கட்ட நேரும்.

எண்ணைப் படிப்பது

பேங்க் 1 என்பது முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம். நான்கு சிலிண்டர் வரிசையாக இருக்கும் என்ஜினில் பெரும்பாலும் ஒரே பேங்க்தான். வி6, வி8 என்ஜின்களில் இரண்டு. எந்தப் பக்கம் பேங்க் 1 என்பது காருக்குக் கார் மாறும், டிரைவர் பக்கம் என்று மனக்கணக்குப் போடாதீர்கள். சென்சார் 1 கன்வெர்ட்டருக்கு முன்னால், சென்சார் 2 பின்னால்.

பேங்க் 1, சென்சார் 1-க்கு வரும் குறியீடுகள் இவை:

- பி0130: சுற்றில் பொதுவான கோளாறு
- பி0131: மின்னழுத்தம் குறைவு
- பி0132: மின்னழுத்தம் அதிகம்
- பி0133: மெதுவாகப் பதில் தருகிறது
- பி0134: அசைவே இல்லை
- பி0135: ஹீட்டர் சுற்றில் கோளாறு

அதே வரிசைதான் பேங்க் 1-இன் பின் சென்சாருக்கு பி0136-இலிருந்து பி0141 வரை. பேங்க் 2-இன் முன் சென்சாருக்கு பி0150 முதல் பி0155, பின் சென்சாருக்கு பி0156 முதல் பி0161. கடைசி எண் 5 அல்லது 1 என்பதை மட்டும் வைத்து ஹீட்டர் என்று முடிவு செய்யாமல், முழு எண்ணையும் பாருங்கள். பி0030, பி0031, பி0032 ஆகியவையும் ஹீட்டர் சார்ந்தவை. பி0171, பி0174 லீன். பி0172, பி0175 ரிச். இவற்றில் சென்சார் என்ற பேச்சே இல்லை, ஆனால் பழியும் செலவும் அடிக்கடி சென்சார் மேல்தான் விழுகிறது.

அழிக்கும் முன்

கை அரிக்கும். இருந்தாலும் அழி பட்டனை இப்போது தொடாதீர்கள். குறியீடு பதிவான அந்த நொடியில் என்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதை ஈசியூ ஒரு படம்போலச் சேமித்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது அதுதான். வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு, என்ஜின் சுமை, ஃபியூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைத்த சதவீதம்) எல்லாம் அதில் இருக்கும். குறியீட்டை அழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும். ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கூடவே வேறு என்னென்ன குறியீடு இருக்கிறது என்று பாருங்கள். பி0300 வரிசையில் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் கலவை எரியாமல் போவது) இருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். எரியாத சிலிண்டரிலிருந்து வெளியேறும் காற்றில் ஆக்சிஜன் அப்படியே இருக்கும், சென்சார் அதைப் பார்த்து லீன் என்கும். காற்றளவு சென்சார், கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் பெயரில் குறியீடு இருந்தாலும் அவைதான் முதல். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது கடுமையான மிஸ்ஃபயர், வண்டியை ஓரம்கட்டுங்கள், கன்வெர்ட்டர் கருகிவிடும்.

அப்புறம் வண்டிக்கு அடியில் ஒரு பார்வை. ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்துவிட்டு சென்சார் வயரைத் தொடக்கத்திலிருந்து கனெக்டர் வரை கண்ணால் தொடருங்கள். கிளிப் கழன்று தொங்கும் வயர் சைலன்சர் குழாயில் உரசி, மேலுறை உருகி, உள்ளே செம்பு தெரிவது சர்வசாதாரணம். கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருக்கிறதா, தண்ணீர் அல்லது ஆயில் இறங்கியிருக்கிறதா, உள்ளிருக்கும் உலோகப் பின் ஏதாவது தள்ளிப்போயிருக்கிறதா? பல நேரம் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

ஹீட்டர் குறியீடு வந்தால்

இதுதான் எல்லாவற்றிலும் நேர்மையான குறியீடு. சோதனையும் எளிது.

முதலில் ஃபியூஸ். இரண்டு மூன்று சென்சார்களின் ஹீட்டர் குறியீடு ஒரே நேரத்தில் வந்தால், எல்லாச் சென்சாரும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பொதுவான ஃபியூஸோ ரிலேயோதான் காரணம். ஃபியூஸ் போயிருந்தால் புதிதாகப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். மேலே சொன்ன உருகிய வயர் எங்கோ குழாயைத் தொட்டிருக்கும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால், என்ஜின் ஆறிய நிலையில் கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கமுள்ள ஹீட்டர் வயர்கள் இரண்டுக்கும் நடுவே மீட்டரை ஓமில் வைத்து அளக்க வேண்டும். எந்த இரண்டு வயர்? ஒரே நிறத்தில் இரண்டு இருக்கும், அவைதான். போஷ் வகையில் பொதுவாக வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் சிக்னலின் எர்த். டென்ஸோ வகையில் பொதுவாகக் கறுப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். இந்த நிறக் கணக்கு சென்சார் பக்கத்துக்குத்தான், வண்டி வயரிங் பக்கம் நிறம் வேறாக இருக்கும்.

ஆறிய நிலையில் சில ஓமிலிருந்து இருபது ஓம் பக்கம் வரை காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. வைட்பேண்டில் இன்னும் குறைவாக, இரண்டு மூன்று ஓம்கூட இருக்கும். சரியான எண் உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மீட்டர் எல்லையில்லை என்று காட்டினால் உள்ளே இழை அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றியே ஆக வேண்டும். ஹீட்டர் வயருக்கும் சென்சாரின் இரும்பு உடலுக்கும் நடுவே தொடர்பு இருந்தாலும் அதே தீர்ப்புதான். சிக்னல் வயரை மட்டும் ஓமில் வைத்து அளக்காதீர்கள், அதில் தெரிய வேண்டியது எதுவுமில்லை, சென்சாருக்குத்தான் கெடுதல்.

ஹீட்டர் நன்றாக இருக்கிறது, குறியீடு மட்டும் வருகிறது என்றால் வண்டிப் பக்கம் வாருங்கள். சாவியை ஆன் செய்து, சப்ளை பின்னில் பேட்டரி வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சில கார்களில் என்ஜின் ஓடினால்தான் வரும். இங்கே மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். நூலளவு மிஞ்சியிருக்கும் துருப்பிடித்த வயரும் மீட்டரில் 12 வோல்ட் காட்டும். சுமை ஏறினால் படுத்துவிடும். டெஸ்ட் பல்பை மாட்டினால் உண்மை தெரியும். பல்பு பளிச்சென்று எரிந்தால் சப்ளை சரி. ஹீட்டரின் எர்த் பக்கத்தை ஈசியூ தட்டித்தட்டிக் கட்டுப்படுத்துகிறது. பேட்டரி பாசிட்டிவுக்கும் அந்தப் பின்னுக்கும் நடுவே பல்பைப் பிடித்து என்ஜினை ஓடவிட்டால் எரியவோ மின்னவோ வேண்டும். எரியவில்லையென்றால் ஈசியூ வரை போகும் வயரைச் சோதியுங்கள். ஈசியூவையே சந்தேகிப்பது கடைசியிலும் கடைசி.

லீன், ரிச்: அவசரப்படக் கூடாத இடம்

சென்சார் உயிரோடு இருக்கிறதா என்பதை ஸ்கேனரைத் தவிர வேறு எந்தக் கருவியையும் மாட்டாமல் பார்த்துவிடலாம். என்ஜினை நன்றாகச் சூடேற்றி, ஸ்கேனரில் முன் சென்சார் வோல்ட்டை வரைபடமாக வையுங்கள். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8-க்கு மேல் தாவ வேண்டும், காலை எடுத்ததும் பெட்ரோல் நின்று 0.2-க்குக் கீழே விழ வேண்டும். இரண்டுக்கும் உடனுக்குடன் ஓடினால் சென்சார் பொய் சொல்லவில்லை. அது லீன் என்றால் புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, ஏன் மிஞ்சுகிறது என்று தேடுங்கள்.

தேடுவதற்கு வழிகாட்டி ஃபியூயல் ட்ரிம். ஷார்ட் ட்ரிம் நொடிக்கு நொடி மாறும், லாங் ட்ரிம் ஈசியூ பழகிவைத்திருக்கும் கணக்கு. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பூஜ்யத்தின் இருபுறமும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. பிளஸ் 20 என்றால் ஈசியூ வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கிறது. இந்த எண்ணை ஐடிலிலும், பிறகு 2500 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடித்தும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐடிலில் பிளஸ் 22, 2500-இல் பிளஸ் 4 என்று வந்தால், காற்று களவாக உள்ளே போகிறது. இன்டேக் கேஸ்கெட், விரிசல் விட்ட வேக்கம் ஹோஸ், பிசிவி குழாய் (என்ஜினுக்குள் தேங்கும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோவது), பிரேக் பூஸ்டர் ஹோஸ் என்று தேட வேண்டும். ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் சிறு ஓட்டைகூடப் பெரிய பங்கு. வேகம் கூடினால் அந்தப் பங்கு கரைந்துவிடும். எண் நேர்மாறாக, ஐடிலில் ஒழுங்காகவும் சுமை ஏற ஏறக் கூடுதலாகவும் வந்தால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர், பம்ப், அல்லது அழுக்கேறிக் குறைவாகச் சொல்லும் காற்றளவு சென்சார். வி என்ஜினில் இரண்டு பேங்கும் லீன் என்றால் இரண்டுக்கும் பொதுவான பாகம், ஒரு பேங்க் மட்டும் என்றால் அந்தப் பக்கத்தின் இன்ஜெக்டர், கேஸ்கெட், எக்ஸாஸ்ட்.

வேக்கம் கசிவைத் தேட ஸ்மோக் மெஷின்தான் சிறந்தது. அது இல்லாவிட்டால் இரண்டடி ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இன்டேக் முழுக்க நகர்த்திப் பாருங்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் சீறல் தெளிவாகக் கேட்கும். சுழலும் பெல்ட்டிலும் ஃபேனிலும் ஹோஸ் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடான என்ஜின் மேல் கார்ப் கிளீனர் அடித்துத் தேடும் வழக்கம் பலருக்கு உண்டு. தீப்பிடிக்கக்கூடிய வேலை அது, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லாரையும் ஏமாற்றுவது முன் சென்சாருக்கு முன்னாலுள்ள எக்ஸாஸ்ட் கசிவு. புகை வெளியே மட்டும்தான் போகும் என்று நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று விரிசல் வழியாக உள்ளே இழுக்கப்படும். சென்சார் லீன் என்கும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி அப்பிக் கறுப்பாக இருக்கும், ஸ்கேனரோ லீன் என்று சாதிக்கும். இந்த முரண்பாட்டைப் பார்த்தால் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டுக்குப் போங்கள், கசியும் இடத்தில் கரிக்கோடு விழுந்திருக்கும். உறுதிசெய்ய, ஆறிய என்ஜினில் வேக்கம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் வைத்து ஊதிக்கொண்டே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழ் வந்துவிடும்.

ரிச் பக்கம் சந்தேகிக்க வேண்டியவை: சொட்டும் இன்ஜெக்டர், டயாஃப்ரம் கிழிந்த பிரஷர் ரெகுலேட்டர் (அதன் வேக்கம் ஹோஸைக் கழற்றினால் பெட்ரோல் நாறும்), மூடாத பர்ஜ் வால்வு (பெட்ரோல் டாங்க் ஆவியை என்ஜினுக்கு விடுவது), என்ஜின் எப்போதும் குளிராக இருப்பதாகச் சொல்லும் கூலன்ட் சென்சார். ஒன்றை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். சிர்கோனியா சென்சாரால் ஏறத்தாழ 1 வோல்ட்டுக்கு மேல் தானாக உண்டாக்க முடியாது. பி0132 வந்து, அளவு அதைத் தாண்டி நிலையாக நின்றால், அது ரிச் கலவையே இல்லை. ஹீட்டர் சப்ளை சிக்னல் வயரில் ஏறுகிறது, அநேகமாக உருகிய வயர் அல்லது தண்ணீர் புகுந்த கனெக்டர்.

மெதுவாக, அல்லது அசையாமல்

பி0133 வந்து, ஃபியூயல் ட்ரிம் ஒழுங்காக இருந்து, எக்ஸாஸ்ட் கசிவும் இல்லையென்றால், சென்சாருக்கு வயதாகிவிட்டது, மாற்றிவிடலாம். ஸ்கேனரின் வரைபடத்தை வைத்து மட்டும் மெதுவு என்று சொல்லாதீர்கள், மலிவான கருவிகள் நொடிக்கு ஒன்றிரண்டு முறைதான் புதுப்பிக்கும். அப்படியானால் மெதுவாக இருப்பது கருவிதான்.

பி0134-இல் பல கார்களில் அளவு 0.45 பக்கம் ஆணியடித்ததுபோல் நிற்கும். அது சென்சார் தரும் அளவல்ல, ஈசியூ தானே வைக்கும் ஆதார மின்னழுத்தம். அறுந்த சிக்னல் வயர், கழன்ற கனெக்டர், சூடாகாத சென்சார், இந்த மூன்றில் ஒன்று. இது நேரோபேண்ட், அதாவது வைட்பேண்ட் அல்லாத சாதாரண சிர்கோனியா சென்சார், என்று உறுதியானால், கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கச் சிக்னல் பின்னை எர்த்தில் தொட்டுப் பாருங்கள். ஸ்கேனரில் பூஜ்யம் வந்தால் வயரும் ஈசியூவும் நலம், சென்சாரை மாற்றலாம்.

பின் சென்சாரின் குறியீடுகளுக்கும் இதே முறைதான். பி0420 மட்டும் தனிக்கதை. பின் சென்சாரும் முன் சென்சார்போல ஆடத் தொடங்கிவிட்டது, அதாவது கன்வெர்ட்டர் ஆக்சிஜனைத் தேக்கிவைக்கவில்லை என்று அர்த்தம். பின் சென்சாரை மாற்றி இதைச் சரிசெய்யப் பார்ப்பது அநேகமாக வீண்.

மாற்றுவது

கழற்றிய சென்சாரின் முனையைத் தூக்கி எறியும் முன் வெளிச்சத்தில் பாருங்கள். உலர்ந்த கறுப்புக் கரி என்றால் ரிச். பழுப்புச் சாம்பல் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளை மாவுபோலப் படிந்திருந்தால், யாரோ சென்சாருக்கு ஆகாத சிலிகான் சீலன்ட் பூசியிருக்கிறார்கள், அல்லது ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் எரிகிறது. காரணத்தை விட்டுவிட்டுப் புதிது போட்டால் அதுவும் அதே வழியில் போகும். தின்னரில் ஊறவைத்துக் கழுவினால் உயிர் வரும் என்பதெல்லாம் நேர விரயம்.

பெரும்பாலான சென்சாருக்கு 22 மி.மீ. ஸ்பேனர், வயர் நுழைய வெட்டு விட்ட சாக்கெட் இருந்தால் நல்லது. துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டு, குழாய் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது திருப்பினால் மரை கிழியாமல் வரும். புதியதன் மரையில் ஆன்டி சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பசை) பூசியே வந்திருந்தால் மேலும் பூசாதீர்கள், முனையில் எதுவும் படக் கூடாது. கையால் திருகி ஏற்றிவிட்டுக் கடைசியில் மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் முறுக்கு அளவில்) இறுக்குங்கள், பல கார்களில் அது 40 நியூட்டன் மீட்டர் சுற்றி இருக்கும். பல சென்சார்கள் ஒப்பிடத் தேவையான வெளிக்காற்றை வயர் உறைக்குள்ளிருக்கும் இடைவெளி வழியாகத்தான் வாங்குகின்றன. அதனால் வயரைச் சால்டர் செய்யக் கூடாது, கனெக்டருக்குள் கிரீஸ் அப்பக் கூடாது. வெட்டி ஒட்டும் யுனிவர்சல் சென்சாரைவிட, காருக்கென்றே கனெக்டரோடு வருவதை வாங்குவதுதான் என் கட்சி.

அழிப்பது, உறுதிசெய்வது

சாவி ஆன், என்ஜின் ஆஃப். ஸ்கேனரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, சாவியை ஆஃப் செய்து சில நொடி விட்டு மீண்டும் ஆன் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றி அழிக்கும் பழைய வழி வேண்டாம், ரேடியோ பூட்டிக்கொள்வது, ஐடில் தடுமாறுவது என்று வேறு தலைவலி வரும். எதுவுமே செய்யாவிட்டாலும், பழுது உண்மையிலேயே சரியாகியிருந்தால் தொடர்ந்து மூன்று நல்ல ஓட்டங்களுக்குப் பிறகு விளக்கு தானே அணையும். குறியீடு 40 முறை என்ஜின் சூடான பிறகு நினைவிலிருந்து போகும். புதிய கார்கள் சிலவற்றில் நிரந்தரக் குறியீடு என்று ஒன்று உண்டு. அதை எந்த ஸ்கேனராலும் அழிக்க முடியாது, சோதனையில் தேறினால் ஈசியூவே நீக்கும்.

அழித்ததும் ரெடினெஸ் மானிட்டர்கள் (ஈசியூ தானே நடத்தும் சோதனைகள்) எல்லாம் முடியவில்லை என்ற நிலைக்குத் திரும்பிவிடும். புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் அழித்துவிட்டுப் போனால் இதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். மானிட்டர் முடிய, இரவு முழுக்க ஆறிய வண்டியைக் கிளப்பி, இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு 80 கி.மீ. சுற்றிய சீரான வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி, பாதுகாப்பான இடத்தில் பிரேக் தொடாமல் காலை எடுத்து வேகம் குறையவிட்டு, மறுபடியும் அதே வேகத்துக்கு வாருங்கள். சரியான வரிசை காருக்குக் கார் கொஞ்சம் மாறும்.

திரும்பி வந்ததும் விளக்கு எரியவில்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். பல குறியீடுகள் முதல் ஓட்டத்தில் நிலுவையில் மட்டும் பதிந்து, இரண்டாவது ஓட்டத்தில்தான் விளக்கை எரியவிடும். ஸ்கேனரில் நிலுவைக் குறியீடு காலியாக இருக்கிறதா, ஆக்சிஜன் சென்சார், ஹீட்டர் மானிட்டர்கள் இரண்டும் முடிந்ததா, லாங் ட்ரிம் 10 சதவீதத்துக்குள் வந்ததா என்று பாருங்கள். ட்ரிம் இன்னும் பிளஸ் 18-இல் நின்றால், விளக்கு எரியாவிட்டாலும் கசிவு அங்கேயேதான் இருக்கிறது. காதில் ஹோஸை வைத்து மீண்டும் ஒரு சுற்று தேட வேண்டியதுதான்.